புகைச்சல்

ஆடி மாதம், செவ்வாய் இரவு. வெளியே சாரல்.

தென்காசி முழுக்கக் கொசுப்புகை அடிக்கலாமா என்று போன வாரம் ஆபீசில் பேச்சு வந்தது. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் கிடக்கும் புழுவைத் தொடாது. இளைப்பு உள்ளவர்களுக்கும் ஆகாது. அதனால் டெங்கு வந்த தெருவில் மட்டும் அடிப்போம் என்றேன். என்னைப் போலவே சுகாதார ஆய்வாளரான முருகேசன், "நாம வேல செய்யுதது சனங்க கண்ணுக்குத் தெரியணும்லா" என்றார். எல்லோரும் அவர் பக்கம்தான் தலையாட்டினார்கள்.

இன்று ஒரு வீட்டில் ஃபிரிட்ஜின் பின்தட்டில் புழு நெளிந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்டினேன். "அந்த சார் வந்தா புகை போடுதாரு. நீங்க வந்தா வீட்டப் போட்டுக் கொடையுதிய" என்றாள் வீட்டுக்காரி. தெருவில் முருகேசனின் மெஷின் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அவருக்குச் சுக்குக்காப்பி நீட்டினாள். என்னிடம் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. புகை நெஞ்சில் ஏறி இருமினேன். முருகேசன் சிரித்தார். "என்ன மேடம், புகையுதோ?"

புகையத்தான் செய்தது. என் கண் அந்த டம்ளரை விட்டு நகரவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்குவாம். ஆஸ்பத்திரியில சேத்துருக்காவ" என்கிறார்.

டெங்கு வந்த தெரு. நான் சொன்ன நியாயம்தான். காலையில் முதல் வேலையாக முருகேசனைக் கூப்பிட வேண்டும். அதைச் சொன்னதுமே என் வீட்டுக்காரர் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். காலைக் காப்பிக்குச் சுக்கு இருக்கிறதா என்று தேடுகிறார்.