சண்டே பஜாரில் கிடைத்த தகரக் குழல்

போன ஞாயிறு சிக்பேட்டை பக்கம் போக வேண்டியிருந்தது. மழையில் நனைந்த பழைய இரும்பின் வாசனை தெருமுனையிலேயே முகத்தில் அடித்தது. சாக்கு விரிப்பில் துருப்பிடித்த பூட்டுகள், முள் இல்லாத கடிகாரங்கள். கால் தானாக நின்றுவிட்டது. நீ போன பிறகு நான் சண்டே பஜாருக்குள் நுழைந்ததே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தேன். ஆபீஸில் உன் டெலிபோன் போர்டுக்குப் பக்கத்து மேசை எனக்கு. ஞாயிறானால் ஹாஸ்டலில் அழுதுகொண்டிருப்பேன் என்று தெரிந்ததும், "வா, பேர் தெரியாத சாமான் தேடலாம்" என்று இழுத்துப் போனாய். பிரேசர் டவுனில் பிறந்த உனக்குக் கன்னடமும் உருதும் தமிழ் போலவே வரும். என்னவென்றே புரியாத பொருளாகப் பார்த்து ஒன்று வாங்குவோம். கண்டுபிடிக்கும்வரை அது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கும். காம்பு வைத்த மரக் குமிழ் ஒன்றைப் பார்த்து நாம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, "கிழிஞ்ச சாக்ஸுக்குள்ள வெச்சுத் தைக்கறது" என்று உன் அம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறதா?

அந்தத் தகரக் குழலும் அப்படித்தான் கிடைத்தது. ஒரு முனை தாமரை இலை போல விரிந்திருந்தது, மறுமுனை ஒடுங்கி வளைந்திருந்தது.

"எண்ணெய் ஊத்தற புனல்மா, ஏக்தம் பழசு" என்றார் கடைக்கார பாய்.

"புனலுக்கு நுனி ஏன் பாய் இப்படித் திரும்பி நிக்குது? எண்ணெய் மேல தெறிக்காதா?"

"க்யா கி, எனக்கும் தெரியாதும்மா" என்று அவரும் நம்மோடு சிரித்தார்.

கப்பன் பார்க்கில் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒடுங்கிய நுனியை வலது காதில் செருகிக்கொண்டு, "ஹலோ, யார் வேணும்?" என்று ஆபீஸ் குரலில் கேட்டாய். நான் விரிந்த முனையில் குனிந்து, "காபி வாங்கித் தர்றியாடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

உன் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். உன் கண் நிறைந்தது.

"இது காது கேக்காதவங்க வெச்சுக்கற குழல்டி. இந்தக் காதுல உன் குரலை இப்பத்தான் முதல் தடவையா கேக்கறேன்."

நீ தலையை ஒருபக்கம் சாய்த்துப் பேசுவதை அதுவரை அழகென்றே நினைத்திருந்தேன். வலது காது எப்போதோ அடைத்துவிட்டது, இடது காதும் மங்கத் தொடங்கியிருந்தது. "போர்டை விட்டு எடுத்துட்டா என்னடி பண்ணுவேன்? குரல்தானே என் வேலை" என்றாய். அன்று நமக்குக் காபி குடிக்கவே தோன்றவில்லை.

மறு வாரம் டாக்டரிடம் போனோம். மெஷின் மாட்டினார்கள். ஆனால் அதோடு ஹெட்போனையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. யாரும் கண்டுபிடிப்பதற்கு முன் நீயே மேனேஜர் அறைக்குள் போனாய். வெளியே வந்து, "ஃபைல் செக்‌ஷன் கொடுத்திருக்காங்க. அங்க யாரும் ஹலோ சொல்ல மாட்டாங்க" என்று சிரித்தாய். மத்தியானம் போர்டில் புதுப்பெண் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும், வராந்தாவில் என் தோளில் முகம் புதைத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகும் பல வருடம், கொஞ்சமாவது கேட்கிற உன் இடது காதுப் பக்கமாக நான் நடக்க, ஞாயிறுகளில் அலைந்தோம், உன் நெஞ்சுக்குள் நோய் வந்து படுக்க வைக்கும்வரை. கடைசி நாட்களில் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டாய். நான் பேச, நீ என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது காலையில் பக்கத்து வீட்டம்மாவோடு நடக்கப் போகிறேன். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறவர். "ஏங்க, எப்பவும் சுத்திக்கிட்டு என் இடது பக்கமே வர்றீங்க?" என்று நேற்றுக் கேட்டார். பழக்கம் என்று சொல்லிவிட்டேன். என் வலது பக்கம் நீ இல்லாமல் நடக்க எனக்கு இன்னும் வரவில்லை.