விக்கிரமங்கலம் வழியாக ஒரு சுற்று

ஆக. 29, வெள்ளி. அரியலூர்

மதியம் சேலத்திலிருந்து வந்து சேர்ந்தோம். மூட்டம், மழை இல்லை. லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட் லாரி, தூசி. மூடிவிட்டேன். இவர் மாத்திரை இருக்கிறது. சீப்பை மறந்தாச்சு.

ஞாயிற்றுக்கிழமைதான் மகள் பவி கட்டிக்கொள்ள விரும்பும் இளங்கோவின் வீட்டுக்குப் போகவேண்டும். அவனும் பவியும் பெங்களூரிலிருந்து அன்று காலை நேராக இங்கே வருகிறார்கள். “ரெண்டு நாள் முன்னாடியே போலாம். புது ஊரு, சுத்திப் பார்க்கலாம்” என்றார் இவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஊட்டிக்குக்கூட ஆபீஸ் வேலையோடு சேர்த்துத்தான் கூட்டிப்போனவர். அப்போதே சந்தேகப்பட்டேன்.

லாட்ஜ் வாசலில் கார் ஓட்டும் முருகேசன் வந்தார். அரை நாள் ரவுண்டு, மூன்று சொன்னார்:

– கங்கைகொண்ட சோழபுரம்
– கரைவெட்டி ஏரி, பறவைகள்
– பெரம்பலூர் தாண்டி ரஞ்சன்குடி கோட்டை

“கோயிலா, பறவையா, கோட்டையா, சொல்லுங்கக்கா.”

பறவை என்றேன், சட்டென்று.

“இப்ப போனா ரெண்டு காக்கா இருக்கும்க்கா. அதுங்க வர ஐப்பசி ஆவும்.”

அப்படியானால் கோட்டை என்றேன். இவர் குறுக்கே வந்தார். “கோயிலுக்கே போலாம். விக்கிரமங்கலம் வழியா.”

“அது சுத்துங்க சார். ஜெயங்கொண்டம் ரோடுதான் நேரு.”

“சுத்தினாப் பரவால்ல.”

விக்கிரமங்கலம் இளங்கோவின் ஊர்.

இவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. வீடு எந்தத் தெரு. ஜாதியை வாய்விட்டுக் கேட்கமாட்டார், படித்தவர். தெருவைப் பார்த்தால் போதும். எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனியிலேயே பவி சொல்லிவிட்டாள். “அப்பா முதல்ல அவங்க வீட்ல உட்கார்ந்து பேசட்டும்மா. முகத்தைப் பார்த்துப் பேசிட்டா அப்புறம் வேண்டாம்னு சொல்லமாட்டாரு.” அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பயணமே. முதலில் தெருவைப் பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

எனக்கு மட்டும் மனசு சுத்தமா? பவி சொன்ன அன்று முதலில் தோன்றியது, என் தங்கைகள் என்ன சொல்வார்கள் என்பதுதான். எழுதவே கூசுகிறது.

ஆக. 30, சனி

காலையில் தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப நீ படு, நான் போயிட்டு வரேன்.” உடனே எழுந்து, தலையைக் கையால் கோதி முடிந்துகொண்டேன்.

விக்கிரமங்கலத்தில் டீக்கடை. இவர் இறங்கி, பெங்களூரில் வேலை பார்க்கிற இளங்கோ வீடு எது என்றார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே:

“யாரு, ராணி மவனா? காலனியில. தண்ணி டேங்கைத் தாண்டுனா பச்சை பெயிண்டு வூடு. என்ன சார், ஃபைனான்ஸா?”

பெஞ்சில் சிரிப்பு. “பொண்ணு குடுக்க வந்தவங்களா இருக்கப்போவுது. மரியாதையாப் பேசுய்யா” என்றார் இன்னொருவர். கேலிக்குத்தான் சொன்னார்.

இவர் டீயைத் தொடவில்லை. காரில் ஏறி, “உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

பச்சை வீடு வரை போகச் சொல்லி முருகேசனுக்குக் கை காட்டினார்.

வாசலில் லோடு ஆட்டோவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு அம்மா, கையில் துடைப்பம். கார் நின்றதும் குனிந்து பார்த்தார்.

“பவி அம்மாதானே? போட்டோல பார்த்திருக்கேன். ஐயோ, நாளைக்கின்னுல்ல சொன்னான் எம்மவன்!”

நான் இறங்கினேன். இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

“நான் இந்தக் கோலத்துல நிக்கிறேனே. வூடு வேற போட்டது போட்டபடி கெடக்கு. பரவால்ல, உள்ள வாங்கக்கா.”

கோயிலுக்குப் போகிற வழி, சும்மா நின்றோம் என்று உளறினேன்.

“அண்ணன் இறங்கலீங்களா?”

“அவருக்கு வெயில் ஒத்துக்காதுங்க.”

காலையிலிருந்து வெயிலே இல்லை. அந்த அம்மா மூடிய கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆமாங்க, வெயிலு கடுமைதான்.” பிறகு நாற்காலி இறக்கியவரிடம், குரலை இறக்கி, “போதும்ண்ணே. மிச்சத்தை வண்டியிலயே வச்சிருங்க.”

அப்புறம் கோயில். அவ்வளவு பெரிய நந்தி. இவர் காரிலேயே. நான் புல்தரையில் செருப்பில்லாமல் சுற்றினேன். என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பும்போது ஜெயங்கொண்டம் ரோடு. யாரும் சொல்லாமலே முருகேசன் திருப்பினார்.

ஆக. 31, ஞாயிறு

தூறல். விடியும்போதே இவர் பெட்டி கட்டிவிட்டார்.

“சேலம் பஸ் ஏறுவோம். பவிக்கு போன்ல சொல்லிக்கலாம்.”

“நான் வரலைங்க.”

“எங்க?”

“சேலத்துக்கு.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

பட்டுப்புடவை கட்டினேன். கொசுவம் நிற்கவில்லை, இரண்டு தடவை மடித்தேன். பூவும் பழமும் நேற்றே வாங்கியாச்சு. மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ரிசப்ஷன் சோபாவில் இவர். காலருகே பெட்டி, கையில் பேப்பர். பஸ் ஏறவும் இல்லை, மேலே வரவும் இல்லை.

பவி போன். பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டார்களாம். “அப்பா ரெடியாம்மா?”

“நீ வா” என்றேன்.

கீழே இறங்கணும். அவரைத் தாண்டித்தான் போகணும்.