இன்று புளி கரைந்ததா?

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் அண்ணியும் எப்படி?

உட்கார்ந்துகொண்டு படி. பத்தொன்பது வருடமாக மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நின்ற உன் தங்கை, நகரப் பேருந்து ஓட்டப் போகிறாள். பேருந்து நிறுத்தத்தில் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள்: பெண் ஓட்டுநர்கள் தேவை, நாற்பத்தைந்து வயது வரை. எனக்கு நாற்பத்து நான்கு. விடுவேனா? ஒன்றரை மாதமாகப் பயிற்சிக்குப் போகிறேன். உனக்குக்கூடச் சொல்லவில்லை, திட்டாதே. ஏப்ரலில் தேர்வு. இரண்டு முறைதான் முயலலாம், அப்புறம் வயது தாண்டிவிடும்.

கடைக்காரரிடம் சொன்னேன். "விளையாடாதம்மா, எந்த மருந்து எந்தத் தட்டுல இருக்குன்னு உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். உன் மாப்பிள்ளையோ, "தாராளமா ஓட்டு. நான் மட்டும் அடுத்த வண்டியில வரேன்" என்கிறார்.

ஆனால் அண்ணா, அந்த வண்டி பன்னிரண்டு மீட்டர் நீளம். சாவியைத் திருப்பும்போதே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நீ இருபத்தாறு வருடமாக அந்த உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறாய், பயம் என்றால் என்னவென்றே தெரியாது. பயத்தை எப்படி விரட்டுவது என்று எனக்கும் எழுது. போனில் கேட்டால் 'ம்' கொட்டுவாய். கடிதத்தில்தான் உனக்கு வாய் திறக்கும்.

அன்புடன்,
வாலு

மார்ச் 13

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தைக் கிரேன் அறையில், சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். நான் சிரித்தது கீழே நின்றவர்களுக்கே கேட்டிருக்கும். சந்தோஷச் சிரிப்புதான், சண்டைக்கு வராதே.

எனக்குப் பயமே கிடையாது என்று உனக்கு யார் சொன்னது? தினமும் காலையில் ஏணிக்குக் கீழே நின்று வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். புளி கரைகிறதா? சரி, ஏறலாம். கரையவில்லையா? ஏற மாட்டேன். எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வயிறு சாதுவாக இருந்தது. சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். பாதுகாப்பு வாரின் கொக்கி விரிசல் விட்டிருந்தது. இதை உன் அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை, நீயும் உளறிவிடாதே.

பயத்தை விரட்டாதே, வாலு. பக்கத்தில் உட்கார வை. கண்ணாடியைப் பார், பிரேக்கைப் பார் என்று அது நச்சரித்துக்கொண்டே இருக்கும். நச்சரிக்கட்டும். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கவுன்டரில் உனக்கு ஒருநாளாவது புளி கரைந்ததா? யோசித்துப் பார்.

உன்,
உச்சாணி அண்ணன்

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

தோற்றுவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தலையில் ஏறவில்லை. தேர்வு நாள் காலையில் பயத்தை எப்படியாவது விரட்டிவிட வேண்டும்போலிருந்தது. மருந்துக்கடைக்காரிக்கு வேறென்ன தோன்றும்? படபடப்புக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் "இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டாதீங்க" என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லியனுப்பிய அதே மாத்திரை!

பயம் போயே போய்விட்டது. மைதானத்தில் ராணி மாதிரி ஓட்டினேன். திருப்பத்தில் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறி, வரிசையாக வைத்திருந்த நான்கு பிளாஸ்டிக் கூம்புகளில் மூன்றைச் சப்பையாக்கியது. எனக்கு அதுவும் அழகாகத்தான் தெரிந்தது. தேர்வாளர், "ஏம்மா, பின்னாடி ஒரு தடவைகூடப் பார்க்கலையே?" என்றார். "எதுக்கு சார்? எல்லாம் நல்லாத்தானே போகுது!" என்றேன்.

மாத்திரையின் வேகம் இறங்கிய பிறகுதான் அழுகை வந்தது. கூம்புக்குப் பதில் ஒரு குழந்தை நின்றிருந்தால்? உன் மாப்பிள்ளை கேலி செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அதுவே எனக்கு இன்னும் அழுகையைக் கொடுத்தது.

ஜூன் ஆறாம் தேதி இரண்டாவது தேர்வு, அதுதான் கடைசி. கடையில் என் இடத்துக்கு வேறு பெண் வந்தாயிற்று. திரும்பிப் போக வழியில்லை.

வாலு (நறுக்கப்பட்டது)

மே 3

அன்புள்ள வாலுக்கு,

யானைக்கும் அடி சறுக்கும், நீ எம்மாத்திரம்? மூன்று கூம்போடு போயிற்று என்று சந்தோஷப்படு. உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். ராணி மாதிரி ஓட்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்காமல் புரையேறிவிட்டது. அப்புறம், "பாவம் அவ, நல்லா எழுதுங்க" என்று என்னை மிரட்டினாள். நல்லாத்தான் எழுதுகிறேன். மாத்திரை இல்லாமல் போ, பயத்தோடு போ, ஜெயிப்பாய்.

இங்கே ஒரு தலைவலி. புதிதாக வருகிறவர்களுக்குக் கிரேன் சொல்லிக்கொடுக்க என்னை வகுப்பறைக்கு மாற்றப் போகிறார்களாம். கரும்பலகை, நாற்காலி, பன்னிரண்டு பேர் முகத்தைப் பார்த்துப் பேச்சு. அந்த அறையில் காற்றே வராது. நாற்காலி ஆடுகிறது. மின்விசிறி கத்துகிறது. சுண்ணாம்புக்கட்டி எனக்கு ஒத்துக்கொள்ளாது. பேசிப் பிழைக்கிற வேலையா எனக்கு? முடியாது என்று சொல்லிவிட்டேன். மேலேயே இருந்துவிடுகிறேன். எல்லாம் கைவந்த வேலை, ஒரு மாதமாகப் புளிகூடக் கரைவதில்லை, அவ்வளவு பழகிவிட்டது.

அண்ணன்

மே 9

அண்ணா,

கடைசி வரியை எழுதிவிட்டு நீயே ஒருமுறை படித்துப் பார்த்தாயா? ஒரு மாதமாகப் புளி கரையவில்லை, ஆனாலும் தினமும் ஏறுகிறாய்! ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. நான் ஒருநாள் மாத்திரை போட்டேன். நீ ஒரு மாதமாக மாத்திரை போடாமலேயே அப்படித்தான் ஓட்டுகிறாய். உன் கொக்கிக்குக் கீழே ஆட்கள் நடக்கிறார்கள், கூம்புகள் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். காற்று வராது, நாற்காலி ஆடுகிறது, மின்விசிறி கத்துகிறது. பிறந்ததிலிருந்து நீ எதற்கும் இவ்வளவு குறை சொல்லி நான் கேட்டதில்லை. பன்னிரண்டு பேர் முன்னால் வாய் திறக்க உனக்குப் பயம். 'புளி கரைகிறதா? சரி, ஏறலாம்' என்று நீதானே எனக்குச் சொன்னாய்?

நீ கீழே இறங்கும்வரை நான் வண்டியில் ஏற மாட்டேன். ஜூன் ஆறு போனால் போகட்டும். என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

வாலு

மே 28

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்ததும் கோபம்தான் வந்தது. மறுநாள் ஏணிக்குக் கீழே நின்று வயிற்றில் கை வைத்தேன். ஒன்றுமில்லை. கொக்கி, வார், கம்பி, எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்போதும் ஒன்றுமில்லை. அந்த வகுப்பறைக் கதவை நினைத்தேன். அடேயப்பா! கால்வரை கரைந்தது.

வயிற்றிலிருந்து கையை எடுக்காமலேயே அலுவலகத்துக்குப் போனேன். "வயித்து வலியா?" என்று மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இல்லை சார், வகுப்பு எடுக்கிறேன்" என்றேன்.

நேற்று முதல் வகுப்பு. பன்னிரண்டு பேர். சுண்ணாம்புக்கட்டி கையில் இரண்டு முறை உடைந்தது. கடைசியில், "யாருக்கெல்லாம் பயமா இருக்கு?" என்று கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். அப்புறம் ஒவ்வொன்றாகப் பதினோரு கை. தூக்காத அந்த ஒருவனை மட்டும் இப்போதைக்கு ஏற்ற மாட்டேன்.

இறங்கிவிட்டேன், வாலு. இனி நீ ஏறு.

உன்,
தரையிறங்கிய அண்ணன்

ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். நேற்று நிறுத்தத்தில் நேரமில்லாததால் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

தேர்வில் ஜெயித்ததைப் போனில் சொன்னபோது 'ம்' மட்டும் கொட்டினாய், என் முதல் நாளுக்கு அவ்வளவு தூரம் வருவாய் என்று நினைக்கவேயில்லை. உன் மாப்பிள்ளையும் அடுத்த வண்டிக்குக் காத்திருக்காமல் முதல் ஆளாக ஏறிவிட்டார். நீ எனக்குப் பின்னால், முதல் இருக்கையில். பெரிய திருப்பம் வந்தபோது கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார்த்தேன், ஓரக்கல்லைப் பார்த்தேன், அப்புறம் உன்னையும் பார்த்தேன். இருபத்தாறு வருடம் வானத்தில் உட்கார்ந்த நீ, ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றில் வைத்திருந்தாய்.

எனக்கும் அந்த நேரத்தில் வயிற்றில் கை வைக்க வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். எனக்கும் சேர்த்து நீ வைத்துக்கொண்டாய் என்று நினைத்து, வண்டியை மெதுவாகத் திருப்பினேன்.

உன்,
வாலு