தெருவுக்கு ஒன்று

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. இங்கே நான் சுகம். அப்பா சுகமில்லை, அதை இனிமேல் மறைக்கப் போவதில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ சரிம்மா சரிம்மா என்று சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், கடிதத்தில் அது நடக்காது பார். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸைவிட்டு இறங்கி ஆபீசுக்கு நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, நின்னு ஒரு தம் போட்டா சரியாயிடுது என்றாயே, இதே வார்த்தையை நாலு வருஷத்துக்கு முன்னால் உன் அப்பா நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

அவர் வேலைதான் உனக்குத் தெரியுமே, வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து எழுத வேண்டும், ஒரு நாளைக்குப் பத்துத் தெருவாவது ஆகும். வாயில் சிகரெட்டோடு அவரைப் பார்த்ததும் தெருப் பிள்ளைகள் எல்லாம் புகைவண்டி வருது புகைவண்டி வருது என்று கத்துவார்கள், இவரும் நின்று ஊதிக் காட்டுவார். முதலில் ஒரு தெரு முழுக்க நடந்தால்தான் கால் இழுக்கும், நிற்பார், ஒன்றைப் பற்றவைப்பார், அது எரிந்து முடிவதற்குள் வலி போய்விடும். அட, மாத்திரையைவிட இது தேவலையே என்று நானும் நம்பினேன். நின்றதால் வலி போகிறது, புகையால் இல்லை என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. நாளைக்கு நாலுக்கு மேல் தொடக்கூடாது என்று மல்லுக்கு நின்ற நானே அன்றிலிருந்து தெருவுக்கு ஒன்று என்று எண்ணிச் சட்டைப்பையில் வைத்து அனுப்பினேன்டா. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், சிகரெட், மூன்றும் என் கையால்தான். பிறகு பாதித் தெருவிலேயே வலித்தது, பிறகு ஐந்து வீட்டுக்கு ஒரு தரம், கடைசியில் இரண்டாவது கேட்டைத் தாண்ட முடியவில்லை. வலி கூடக் கூட நானும் கூடுதலாக வைத்தேன். மூட்டுத் தேய்மானம் என்றோம், வயசாகிவிட்டது என்றோம், மூன்று ஜோடி செருப்பு மாற்றினோம்.

போன மாதம் நகம் வெட்டும்போது கால் கட்டைவிரலில் லேசாகக் கீறிவிட்டது. அது ஆறவே இல்லை, கறுத்துக்கொண்டே வந்து பக்கத்து விரலுக்கும் பரவியது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் இரண்டு விரலைப் பிடித்து முதலில் என் பாதத்தின் மேல் வைத்தார், டக்டக்கென்று நாடி துடித்தது. பிறகு அப்பா பாதத்தில் வைத்தார். ஒன்றுமே இல்லை, சில்லென்று கிடந்தது, இத்தனை தெரு நடந்த கால். நடக்கும்போது சதை அதிக ரத்தம் கேட்கும், புகை பிடித்துப் பிடித்து ரத்தக்குழாய் அடைத்துப்போனதால் கிடைக்காமல் வலிக்கும், நின்றால் சதைக்குத் தேவை குறையும், வலியும் குறையும், அந்த நேரத்தில் இழுக்கிற புகை மிச்சமிருக்கிற வழியையும் இறுக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். கால் குழாய் இப்படி என்றால் நெஞ்சில் எப்படி இருக்கும் என்று அதையும் பார்த்தார்கள், அங்கேயும் இரண்டு இடத்தில் அடைப்பு. எங்களுக்குத் தெரியாமலே ஒரு தரம் மாரடைப்பு வந்து போயிருக்கிறதாம், வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் குடித்தாரே, அந்த நாளாகத்தான் இருக்கும். பெரிய ஆபரேஷனுக்கு நெஞ்சு தாங்குமா என்று யோசிக்கிறார்கள். இப்போதைக்கு இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கறுப்பு மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும், இன்னும் பதினைந்து நாளில் தெரிந்துவிடும். உன்னிடம் சொல்ல வேண்டாம், வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான் என்று அப்பாதான் தடுத்தார்.

வீட்டுக்கு வந்த அன்று, இனிமே எட்டு விரலுக்கு நகம் வெட்டினா போதும் என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன், புது ஆள் ஒருத்தர் நம் வீட்டு மீட்டரைப் பார்க்க வந்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய சட்டைப்பைகளை எல்லாம் ஊசி நூலால் தைத்து மூடிவிட்டேன். பதினோரு நாளாக அவர் சிகரெட்டைத் தொடவில்லை. நேற்று மதியம் மெதுவாகக் கூப்பிட்டு, கால் கடுக்குது, ஒண்ணே ஒண்ணு குடு, எப்பவும் நீதானே குடுப்ப என்றார். கொடுக்கவில்லை. அப்போதிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தால் இருக்கட்டும், மனுஷன் இருந்தால் போதும் எனக்கு.

உனக்கு முப்பத்தாறு வயசுதான் ஆகிறது. உன் கால் வலியைச் சொல்லிக் கேட்டேன், இப்போதே சிகரெட்டை விட்டால் மேலே மோசமாகாமல் தடுக்கலாம், அப்பாவுக்கு அந்த நேரம் போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்னார். மருமகளுக்கும் இதைப் படித்துக் காட்டு, பாசத்தில்கூட அவள் உனக்கு ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டாம், நான் செய்த பாவம் என்னோடு போகட்டும். தலை நரைத்துப் பேரன் பேத்தி எடுக்கிற வயசிலும் நீ உன் இரண்டு காலால் நடந்து போக வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஒன்றே ஒன்று மறக்காதே கண்ணா. படித்து முடித்ததும் சாக்ஸைக் கழற்றிவிட்டு உன் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துப் பார். துடித்தாலும் துடிக்காவிட்டாலும் அந்த வாரமே டாக்டரிடம் போ. போய் வந்து எனக்கு வேறெதுவும் எழுத வேண்டாம், உன் காலில் நாடி இருக்கிறது என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
தெருவுக்கு ஒன்று என்று எண்ணி எண்ணி வைத்து அனுப்பிய
உன் அம்மா