மெழுகாக இருக்கும்போதே

மச்சானுக்கு,

விவேகானந்தர் பாறையில் மண்டபம் திறந்த வருஷம் வடிவைப் பெற்றுப்போட்டுவிட்டு உன் தங்கச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன்பிறகு நீ தோவாளைப் பக்கம் வரவில்லை. ஏனென்று நம் இரண்டு பேருக்கும் தெரியும், அதைக் கிளற வேண்டாம்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் மருமகள் வடிவுதான். அவள் கண்ணாடியில் சிற்பம் செய்கிறாள். முதலில் மெழுகில் முகம் பிடிப்பாள். அதைச் சுற்றிச் சாந்து பூசி அச்சாக்கி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடித் துண்டுகளைப் போட்டுச் சூளையில் உருக்குவாள். மெள்ள ஆறவிட வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். இந்தத் தடவை செய்வது அவள் அம்மாவை.

போட்டோ ஏது? என்னிடம்தான் கேட்டாள். இலையில் சோறு விளம்பக் குனியும்போது தெரிகிற கன்னம், காது, பின்கொண்டை எல்லாம் சொன்னேன். அப்படியே வந்திருக்கிறது.

"நேர பாத்தா எப்பிடிப்பா?"

"தெரியாது மக்கா."

"எந்த வயல்ல எந்த வருஷம் என்ன வெதச்சியன்னு சொல்லுவிய. பெண்டாட்டி மூஞ்சி தெரியாதாக்கும்?"

வீடு நிறைய ஆளிருந்த காலம். பகலில் பெண்டாட்டியை நேரே பார்க்கிற வழக்கம் நமக்கு எங்கே இருந்தது?

மெழுகில் கண்ணும் வாயும் இல்லாமல் கிடக்கிறது. இப்போதென்றால் நீ சொல்வதுபோல் வைப்பாள். கண்ணாடியாகிவிட்டால் மாற்ற முடியாது. என்மேல் உள்ளதை அப்படியே வைத்துக்கொண்டு அவளுக்காக வா. அந்த முகத்தை நேரே பார்த்தவர்களில் உயிரோடிருப்பது நீ மட்டும்தான், முத்துநாயகம்.

உன் தங்கச்சியைக் கட்டினவன்