வீங்கிய கன்னமும் கிணற்று வயலும்

கர வருஷம், ஐப்பசி 12. தேவாரம்.

நாவிதர் என் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கி இன்றோடு நான்கு நாள். கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியவில்லை. கஞ்சியைத்தான் உறிஞ்சிக் குடிக்கிறேன். இது தெரிந்தேதான் அண்ணன் இன்று காலை ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் பத்திரம் எழுதுகிறவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். பாகப்பிரிவினையில் கிணறு இருக்கும் வயல் அவனுக்காம், மலையடிக் கல்லாங்காடு எனக்காம்.

படித்துக் காட்டினார்கள். நான் கையை அசைத்து மறுத்தேன்.

"தம்பிக்கு வலி, அதான் கையை ஆட்டுறான். எதுத்து ஒரு வார்த்தை பேசலையே. சம்மதம்னு எழுதுங்க," என்றான் அண்ணன். அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

வந்த ஆத்திரத்தில் இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே ஏதோ உடைந்தது. ரத்தமும் சீழும் பத்திரத்தின் மேலேயே கொட்டின. "சம்மதமில்லை" என்று நான் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. எழுதுகிறவர் நாற்றம் தாங்காமல், சம்மதம் என்று எழுதாமலே எழுந்துவிட்டார்.

"இம்புட்டுச் சீழையா உள்ள வச்சிருந்தீக?" என்று மனைவி உப்புத் தண்ணீர் கொடுத்தாள். வீக்கம் பாதி வற்றிவிட்டது. நாளைக்குச் சோறு தின்னலாம் என்கிறாள்.

சாயங்காலம் அண்ணன் ஆள் அனுப்பி என் உடம்பை விசாரித்தான். என்னால் பேச முடிந்தது. பேசவில்லை.