இரண்டாம் தொட்டியின் காற்று இயந்திரமும் என் கணவரின் இடமாற்றமும்

அனுப்புநர்:
கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய முன்னாள் ஆபரேட்டரின் மனைவி,
ஏழாம் எண் வீடு, கால்வாய்க்கரை வரிசை,
ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காமல் கால்வாயில் விடுவதும், அதைத் தடுத்த ஊழியரை இடமாற்றம் செய்ததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. கிணற்றிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் நீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் என் கணவர் பதினோரு ஆண்டுகள் பணியாற்றினார். முதல் தொட்டியில் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பார்கள். இரண்டாவதில் காற்றைச் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகளையும் மேலே கொண்டுவருவார்கள். அதன் பிறகே தண்ணீர் கால்வாய்க்குப் போகும்.

2. சென்ற ஜூன் மாதம் அந்தக் காற்று இயந்திரம் பழுதானது. "இன்னிக்கு ஒரு நாள் திறந்துவிடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மேற்பார்வையாளர் கூறியிருக்கிறார். என் கணவர் வெளியேற்று வால்வை மூடிப் பூட்டினார். பரிசோதனையில் வந்த எண்ணெய் அளவைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதினார். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கிணறுகள் அரை நாள் நின்றன. அடுத்த வாரமே இரண்டு நாள் பயணத் தொலைவிலுள்ள புதிய கிணற்றுக்கு அவரை மாற்றிவிட்டார்கள். அங்கே குடும்பத்துக்கு அனுமதி இல்லை. ஒன்பது மாதங்கள் ஆகின்றன.

3. இயந்திரம் இன்றுவரை சரிசெய்யப்படவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் எண்ணெய்ப் படலம் மினுக்குகிறது. அந்த நீரை ஊற்றிய தக்காளிச் செடிகள் கருகிவிட்டன. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், சோதனைக்கு எடுத்த தண்ணீர் பாட்டிலைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். காப்பி ஆறிப்போகிறதே என்று நான் எரிந்து விழுவேன். இப்போது நானே தண்ணீரைப் பிடித்து அதே ஜன்னலில் தூக்கிப் பார்க்கிறேன். தேதி எழுதிய ஆறு பாட்டில்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

4. இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. அவர் இருக்கும் இடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஃபோன் கிடைக்கும். மகளைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "தண்ணி எப்படி இருக்கு?" என்பார். "தெளிவாத்தான் ஓடுது" என்பேன். "அப்போ நான் இங்க கிடக்கிறதுல தப்பில்ல" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

5. ஆகவே தாங்கள் நேரில் வந்து ஆய்வு செய்து, இயந்திரத்தைச் சரிசெய்ய உத்தரவிடவும், என் கணவரைப் பழைய பணியிடத்துக்கே அனுப்பப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன். இரண்டில் ஒன்றுதான் இயலுமெனில், முதலாவதைச் செய்யுங்கள். அவர் வரும்வரை எப்படியாவது காத்திருந்துவிடுவேன். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பொய் சொல்ல என்னால் ஆகாது.

இடம்: ஊழியர் குடியிருப்பு
நாள்: மார்ச் 14

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
ஏழாம் எண் வீட்டுக்காரி